நுழைவின் பொறிமுறை: மலேரியா ஒட்டுண்ணியின் இயக்குபுரதம் பற்றிய சில குறிப்புகள்

இலங்கையின் இடதுசாரி இயக்க வரலாற்றை எழுதப் புகுவோர் 1934–35 ஆம் ஆண்டுகளின் மலேரியாக் கொள்ளைநோயை ஒரு தோற்றுவாயாகக் கொள்வது வழக்கம். தென்மேற்குப் பருவமழை பொய்த்தது. ஆறுகள் ஓட்டம் நின்று குட்டைகளாயின. அக்குட்டைகளில் அனோபிலிசு நுளம்பு பெருகிற்று. கேகாலை, குருநாகல் மாவட்டங்கள் பெருமளவிற் பாதிக்கப்பட்டன. ஏறத்தாழ ஐம்பத்தைந்து இலட்சம் மக்களைக் கொண்ட ஒரு நாட்டில் எண்பதாயிரம் பேர்வரை மாண்டனர். சூரியமல் இயக்கத்து இளைஞர்கள் கொயினாவையும், உருண்டைகளாக உருட்டிய மார்மைற்றையும், பருப்பையும் சுமந்துகொண்டு கிராமம் கிராமமாகச் சென்றனர். எஸ். ஏ. விக்கிரமசிங்க, என். எம். பெரேரா, பிலிப் குணவர்த்தன முதலானோரின் அரசியல் வாழ்வில் அந்த அனுபவம் ஆழப் பதிந்தது. 1935 டிசம்பரில் லங்கா சமசமாஜக் கட்சி தோன்றியதையும், 1936இல் என். எம். பெரேரா றுவன்வெல்லவிலிருந்தும் பிலிப் குணவர்த்தன அவிசாவளையிலிருந்தும் அரசாங்க சபைக்குத் தெரிவானதையும் இப்பின்னணியினின்று பிரித்துப் பார்த்தல் இயலாது.

இவை யாவும் நன்கறியப்பட்டவை. ஆயினும் இவ்வரலாறுகளைப் படிக்கையில் ஒரு குறை புலப்படுகின்றது. வறுமை அங்கு உண்டு. காலனித்துவ நிருவாகத்தின் அசட்டை அங்கு உண்டு. ஒட்டுண்ணி மட்டும் அங்கு இல்லை. மறுதலையாக, ஒட்டுண்ணியியல் நூல்களில் ஒட்டுண்ணி உண்டு, பட்டினி இல்லை. சமூகக் காரணி, உயிரியற் காரணி என்று இரண்டாகப் பிரித்து ஒன்றைத் தமதாக்கி மற்றதைப் பிறரிடம் விட்டுவிடுவது நமது அறிவுத்துறைப் பிரிவினையின் விளைவேயன்றி, பொருளின் இயல்பன்று. தன்னைப் பொருள்முதல்வாதி என அழைத்துக்கொள்ளும் ஒருவர் பொருளின் நுண்ணமைப்பைப் பற்றி அக்கறையற்றிருப்பது விசித்திரமானது. இலக்கிய ஆய்வாளன் ஒருவன் புரதத்தின் கட்டமைப்பைப் பற்றி எழுதத் துணிவதற்கு இதற்கு மேலும் சமாதானம் கூறவேண்டியதில்லை எனக் கருதுகிறேன்.

மலேரியாவை உண்டாக்கும் பிளாஸ்மோடியம் ஒரு தனிக்கல உயிரி. நுளம்பின் உமிழ்நீருடன் மனித உடலிற் புகும் வடிவம் ஸ்போரோசொயிற்று எனப்படும். அது ஈரலையடைந்து பெருகியபின் குருதியில் வெளிப்படும் வடிவமே மெரோசொயிற்று. நோயின் காய்ச்சலும் நடுக்கமும் குருதிச்சோகையும், மூளை மலேரியாவின் மரணமும் இம்மெரோசொயிற்றுக்கள் செங்குருதிக் கலங்களுட் புகுந்து, பெருகி, அவற்றை வெடிக்கச்செய்து வெளியேறுவதன் விளைவுகளே. பல்சிப்பாரம், வைவாக்சு ஆகிய இலங்கையில் வழங்கிய இரு இனங்களிலும் இச்சுற்று ஏறத்தாழ நாற்பத்தெட்டு மணித்தியாலத்துக்கு ஒருமுறை நிகழும். எங்கள் கிராமங்களில் முறைக்காய்ச்சல் என வழங்கிய சொல் இந்தக் கால ஒழுங்கைத் துல்லியமாகக் கண்டுகொண்ட சொல்லாகும்.

மெரோசொயிற்றின் நீளம் ஒரு மைக்கிரோமீற்றரிற் சற்றுக் கூட. செங்குருதிக் கலத்தின் விட்டம் ஏழு, எட்டு மைக்கிரோமீற்றர். ஒரு கலம் வெடிக்கையில் பதினாறு முதல் முப்பத்திரண்டு வரையான மெரோசொயிற்றுக்கள் வெளிப்படுகின்றன. குருதியோட்டத்தில் நோயெதிர்ப்புச் சத்திகளின் நடுவே அவை நெடுநேரம் நிலைத்திருத்தல் இயலாது. ஆகவே விரைவாக இன்னொரு கலத்தைப் பற்றி, அதனுட் புகுந்துவிடுதல் வேண்டும். இந்நுழைவை முதன்முதலில் படச்சுருளிற் பதிவுசெய்தவர்கள் டுவொறாக், மில்லர் ஆகியோரும் அவர்தம் சகபாடிகளும் ஆவர், ஆண்டு 1975. குரங்குகளைத் தாக்கும் பிளாஸ்மோடியம் நோலெசி என்ற இனத்தைக் கொண்டு அவர்கள் அதனைச் செய்தனர். ஒட்டுண்ணி கலத்தின்மேற் படிகின்றது. கலத்தின் மேற்பரப்பு நெளிந்து குலுங்குகின்றது. ஒட்டுண்ணி தன் கூர்முனை கலத்தை நோக்குமாறு திரும்புகின்றது. பின்னர் ஓரிரு பத்துச் செக்கன்களுள் உள்ளே மறைந்துவிடுகின்றது. மூன்றாண்டுகள் கழித்து, ஐகாவாவும் அவருடன் பணியாற்றியோரும் இலத்திரன் நுணுக்குக்காட்டியினூடாக நுழையும் கணத்தை நோக்கியபோது, ஒட்டுண்ணியின் மென்சவ்வும் கலத்தின் மென்சவ்வும் ஒரு வளையமாக இறுகப் பொருந்தியிருப்பதையும், அவ்வளையம் முன்னிருந்து பின்னோக்கி நகர்வதையும் கண்டனர்.

வினா இங்கேதான் எழுகின்றது. மெரோசொயிற்றுக்குச் சவுக்குமுளை இல்லை, பிசிர்கள் இல்லை, அமீபாவைப்போல் உடலை நீட்டிச் சுருக்கும் போலிக்கால்களும் இல்லை. உருவத்தில் மாற்றமின்றி, வழுக்கிச் செல்வதுபோன்று அது நகர்கின்றது. விசை எங்கிருந்து வருகின்றது?

விடை நமது தசைகளிலுள்ளது என்பதுதான் வியப்பு. தசை சுருங்குவது இரு புரதங்களின் உறவால் என்பது 1940களிலேயே தெளிவாயிற்று. ஒன்று மயோசின், மற்றது அக்ரின். 1954இல் இரு ஆய்வுக் குழுவினர் தனித்தனியே காட்டியவாறு, இவ்விழைகள் தாம் குறுகுவதில்லை. ஒன்றன்மீது ஒன்று வழுக்கிச் செல்கின்றன. மயோசின் மூலக்கூறின் தலை ஏ.ரி.பி. என்ற ஆற்றற்பொருளை நீர்ப்பகுப்புச் செய்து, அதனாற் பெறும் ஆற்றலைக்கொண்டு அக்ரின் இழையைப் பற்றி இழுத்து விடுகின்றது. பற்றுதல், இழுத்தல், விடுதல், மீண்டும் நிமிர்தல் என்ற இச்சுற்று உயிருள்ள கணந்தோறும் நம் உடலில் நிகழ்வது.

தசை மயோசினுக்கு உறவினர் பலர் உளர். 1997இல் ஒட்டுண்ணி ரொக்சோபிளாஸ்மாவில் முன்னறியாத மயோசின் வகை கண்டறியப்பட்டது. அது பதினான்காம் வகுப்பு எனப் பெயர் பெற்றது. அடுத்த ஆண்டில் இலண்டன் ஆய்வாளர் பிளாஸ்மோடியம் பல்சிப்பாரத்தின் மெரோசொயிற்றிலும் அத்தகைய மயோசினைக் கண்டு, அதுவே செங்குருதிக் கலத்துட் புகுவதற்கான இயக்கியாகலாம் எனக் கூறினர். இன்று மயோசின் ஏ எனச் சுட்டப்படுவது அதுவே. தசை மயோசினுக்குரிய நீண்ட வால் இதற்கு இல்லை. இரட்டைத் தலையும் இல்லை. ஒற்றைத் தலை, குறுகிய கழுத்து, அவ்வளவே.

இவ்வியக்கி பொருத்தப்பட்டுள்ள முறையைச் சற்று விரிவாக நோக்குதல் வேண்டும். ஒட்டுண்ணியின் வெளிமென்சவ்வுக்குக் கீழே தட்டையான பைகளாலான ஓர் உட்சவ்வுத் தொகுதி உண்டு. இவ்விரண்டுக்குமிடையே ஒரு சில பத்து நனோமீற்றர் அகலமான இடுக்கு. மயோசின் ஏ அவ்விடுக்கினுள், உட்சவ்வுத் தொகுதியில் நங்கூரமிடப்பட்டுள்ளது. அதன் கழுத்தைச் சுற்றி எம்.ரி.ஐ.பி., ஈ.எல்.சி. எனச் சுருக்கமாகக் குறிக்கப்படும் இரு சிறு புரதங்கள் பற்றியிருந்து அதற்கு விறைப்பைத் தருகின்றன. காப்-45, காப்-50 முதலிய வேறு புரதங்கள் அதனைச் சவ்வுடன் பிணைக்கின்றன. இடுக்கின் மறுபுறத்தில் குறுகிய அக்ரின் இழைகள். அவ்விழைகள் ஓர் இணைப்புப் புரதத்தின் வாயிலாக வெளிமென்சவ்வை ஊடுருவி நிற்கும் ஒட்டுப்புரதங்களுடனும், அவற்றின் மூலம் வெளியிலுள்ள செங்குருதிக் கலத்துடனும் தொடர்புறுகின்றன. இவ்விணைப்பைச் செய்வது அல்டொலேசு என்ற நொதியமே என நெடுநாள் கருதப்பட்டது; 2016 அளவில் அவ்விடத்தை வேறொரு புரதம் பெற்றுக்கொண்டது.

ஆழங்குறைந்த களப்பில் வள்ளம் தள்ளுவோரைக் கண்டவர்க்கு இவ்வமைப்பு விளங்கச் சிரமமிராது. அவர் நீண்ட கோலைச் சேற்றில் ஊன்றிப் பின்னோக்கித் தள்ளுகிறார், கோல் நிலத்திற் பதிந்திருப்பதாற் பின்செல்ல மாட்டாது, வள்ளம் முன்செல்கின்றது. ஒட்டுண்ணியின் உடல் வள்ளம், அதில் நிலைகொண்ட தள்ளுநர் மயோசின், கோல் அக்ரின், சேற்றுநிலம் செங்குருதிக் கலத்தின் மேற்பரப்பு. உவமை ஓரிடத்திற் குறைபடுகின்றது: இங்கே தள்ளுவோர் ஒருவரல்லர், எண்ணிறந்தோர். ஒவ்வொருவரும் ஒரு கணம் மட்டும் கோலைத் தொட்டு விட்டுவிடுவர். ரொக்சோபிளாஸ்மாவின் மயோசின் ஏ இல் 2002ஆம் ஆண்டு அளக்கப்பட்டவாறு, ஒரு தள்ளலின் நீளம் 5.3 நனோமீற்றர். தன் உடல் நீளத்தைக் கடக்க மெரோசொயிற்று இத்தகைய அடிகள் இருநூற்றுக்கு மேற்பட்டவற்றை வைக்கவேண்டும் என்பது எளிய கணக்கு.

உயிர் என்பது புரதப்பொருள்களின் இருப்புமுறையே என எங்கெல்சு கருதியமை பலர் அறிந்தது. அக்கருத்து எழுதப்பட்ட காலத்திற் புரதத்தின் அமைப்பை எவரும் கண்டிருக்கவில்லை. அதனைக் காணும் வழியைத் திறந்தவர்களுள் முதன்மையானவர் மார்க்சிய விஞ்ஞானியான ஜே. டி. பேர்ணல் என்பது தற்செயலானதாயினும் குறிப்பிடத்தக்கது. 1934ஆம் ஆண்டு, கேம்பிறிட்ஜில், பேர்ணலும் டொறதி குறோபூட்டும் பெப்சின் பளிங்கொன்றை அதன் தாய்த்திரவத்தில் ஈரமாக வைத்தே எக்ஸ் கதிருக்கு உட்படுத்தி, புரதப் பளிங்கொன்றின் தெளிவான முதற் கதிர்ச்சிதறற் படத்தைப் பெற்றனர். கேகாலையிற் காய்ச்சல் பரவத் தொடங்கிய ஆண்டும் அதுவே. அன்று பேரரசின் தலைநகரங்களிற் பிறந்துகொண்டிருந்த ஒரு விஞ்ஞானத்துக்கும், அப்பேரரசின் குடியேற்றநாட்டிற் செத்துக்கொண்டிருந்த குடியானவனுக்கும் எத்தொடர்பும் இருக்கவில்லை. தொடர்பு ஏற்பட எண்பத்தைந்து ஆண்டுகள் சென்றன.

இடையிலே தமிழ்நாட்டுக்கும் ஒரு பங்குண்டு. 1952இற் சென்னைக்கு வருகை தந்த பேர்ணல், கொலாஜன் என்ற புரதத்தின் அமைப்பு இன்னும் திருப்தியாக விளக்கப்படவில்லை என உரையாடலிற் கூறியதே சென்னைப் பல்கலைக்கழகப் பௌதிகப் பேராசிரியர் ஜி. என். இராமச்சந்திரனை அத்துறைக்குத் திருப்பிற்று. 1954இல் அவரும் கோபிநாத் கர்த்தாவும் கொலாஜனின் மும்மடிச் சுருளை முன்வைத்தனர். 1963இல் இராமச்சந்திரன், இராமகிருஷ்ணன், சசிசேகரன் ஆகிய மூவரும் புரதச் சங்கிலி எவ்வெக் கோணங்களில் மடியலாம், எவற்றில் மடியலாகாது என்பதைக் காட்டும் வரைபடத்தை வெளியிட்டனர். உலகில் எங்கேனும் ஒரு புரதத்தின் அமைப்பு தீர்க்கப்படின், அது சரியானதா என்பதைச் சோதிக்க இன்றும் இவ்வரைபடமே முதற்கண் எடுக்கப்படுகின்றது. மலேரியா மயோசினின் அமைப்பும் அவ்வுரைகல்லிற் தேய்க்கப்பட்டதே. சங்கத் தமிழின் தொன்மையைப் பற்றி ஓயாது பேசும் நமது மேடைகளில் இம்மூவரின் பெயர்கள் ஒலிப்பது அரிது.

மயோசின் ஏ யின் அமைப்பைத் தீர்ப்பதற்கு முன் அதனை வேண்டிய அளவில் ஆக்கிக்கொள்வதே பெரும் இடராயிருந்தது. ஒட்டுண்ணியிலிருந்து அதனைப் போதியளவு பிரித்தெடுத்தல் இயலாது. வேறு கலங்களில் அதனை உற்பத்திசெய்தால் அது செவ்வனே மடியவில்லை. ஒட்டுண்ணிக்கேயுரிய துணைப்புரதமொன்றும் உடனிருந்தாலன்றி இம்மயோசின் சரியான உருவம் பெறாது என்பது கண்டறியப்பட்டபின், அமெரிக்காவின் வேர்மொன்ற் பல்கலைக்கழகத்தில் கதலீன் றைபஸ் குழுவினர் 2017இல் அதனைத் தொழிற்படும் நிலையில் ஆக்கிக் காட்டினர். அவர்களுடன் இணைந்து பாரிஸ் கியூரி நிறுவனத்தின் ஆன் ஊதூசு குழுவினர் 2019இல் அதன் பளிங்கமைப்பை வெளியிட்டனர். அடுத்த ஆண்டில் இரு கழுத்துப்புரதங்களும் பொருந்திய முழுநீள அமைப்பும் வெளிவந்தது.

அவ்வமைப்பு காட்டிய செய்தி யாது? மயோசின்கள் யாவற்றிலும் தலைப்பகுதியில் ஆற்றற்பொருள் அமரும் ஒரு குழியும், அக்ரினைப் பற்றும் ஒரு முகமும், இவற்றின் சிறு அசைவைப் பெருக்கிக் காட்டும் நெம்புகோல் போன்ற கழுத்தும் உண்டு. குழியில் நிகழும் நனோமீற்றரின் பின்னங்களேயான அசைவு கழுத்தின் நுனியிற் பல நனோமீற்றராகின்றது. இவ்வசைவு கடத்தப்படும் வழியில் மிக நெகிழ்ந்து கொடுக்கும் கிளைசீன் என்ற அமினோவமிலம் முக்கியமான மூட்டாக அமைவது பொதுவிதி. மலேரியா மயோசினில் அவ்விடத்திற் கிளைசீன் இல்லை. பொதுவிதிப்படி நோக்கின் இவ்வியக்கி இயங்கலாகாது. ஆயின் அது இயங்குகின்றது, விரைவாகவும் இயங்குகின்றது. இழந்த நெகிழ்வை வேறிடங்களில் ஏற்பட்ட மாற்றங்கள் ஈடுசெய்திருக்கின்றன. அவற்றுள் தலையாயது புரதச்சங்கிலியின் தொடக்கத்தில், ஏனைய மயோசின்களிற் காணப்படாத ஒரு நீட்சி.

அந்நீட்சியிற் பத்தொன்பதாம் இடத்தில் செரீன் என்ற அமினோவமிலம் உள்ளது. ஒட்டுண்ணி தன் நொதியங்களால் அதன்மீது ஒரு பொசுபேற்றுக் கூட்டத்தை ஏற்றலாம். ஏற்றியபோது, எதிரேற்றமுடைய அப்பொசுபேற்று, தலையின் மறுபகுதியில் 764ஆம் இடத்திலுள்ள நேரேற்றமுடைய இலைசீனுடன் பிணைகின்றது. இப்பிணைப்பு, தள்ளல் முடிந்த நிலையை உறுதியாக்கி, செலவழிந்த ஆற்றற்பொருள் விரைவில் வெளியேற வழிசெய்கின்றது. மயோசின் அக்ரினை விரைவில் விட்டுவிடுகின்றது. அடுத்த சுற்று விரைவில் தொடங்குகின்றது. பொசுபேற்று இல்லாதபோது பிணைப்பில்லை. மயோசின் அக்ரினைக் கூடியநேரம் பற்றியிருக்கின்றது. வேகம் ஏறத்தாழப் பாதியாகின்றது. ஆனால் ஒரே நேரத்தில் அக்ரினைப் பற்றியிருக்கும் மயோசின்களின் தொகை கூடுவதால், அவை சேர்ந்து இழுக்கும் விசை அதிகரிக்கின்றது. இரண்டும் ஒரே புரதம். வேறுபாடு ஒரு பொசுபேற்று.

ஆய்வாளர்கள் இதிலிருந்து பெறும் கருதுகோள்: நுளம்பு கடித்த தோலினூடே விரைந்து குருதிக்குழாயைத் தேடும் ஸ்போரோசொயிற்றுக்கு வேகம் வேண்டும், செங்குருதிக் கலத்தின் எதிர்ப்பை மீறி உட்புகும் மெரோசொயிற்றுக்கு விசை வேண்டும், ஒரே இயக்கியைப் பொசுபேற்றினால் இரு தேவைகளுக்கும் இசைவித்துக்கொள்ளலாம். மயோசின் ஏ யை அகற்றிய மெரோசொயிற்றுக்கள் கலத்துட் புகுவதில்லை என்பதும் அதே ஆய்விற் காட்டப்பட்டது.

இவ்விடத்தில் ஓர் எச்சரிக்கை அவசியமாகின்றது. வேகமும் விசையும் ஒன்றையொன்று மறுத்தும் ஒன்றிலேயே பொருந்தியும் நிற்பதைக் கண்டவுடன், இதோ முரண்பாடுகளின் ஐக்கியம் என்று கைதட்டும் தோழர்கள் நம்மிடையே உளர். இயற்கையில் எதனைக் கண்டாலும் அதனை இயங்கியலுக்குச் சான்றாக நிறுத்துவது, சென்ற நூற்றாண்டில் விஞ்ஞானத்துக்கும் மார்க்சியத்துக்கும் ஒருங்கே ஊறுவிளைத்த பழக்கம். லைசெங்கோவின் கதை நாம் மறக்கக்கூடியதன்று. பற்றியிருக்கும் நேரம் கூடினால் வேகம் குறைவதும் கூட்டுவிசை கூடுவதும் பொறியியலின் எளிய விளைவு. அதற்குத் தத்துவச் சான்றிதழ் வேண்டியதில்லை.

நமது துறைக்கு உரிய பணி வேறொன்று உண்டு. அது சொற்களைச் சோதிப்பது. 'படையெடுப்பு' என்கிறது ஆங்கில வழக்கு. நாமும் அவ்வாறே மொழிபெயர்க்கின்றோம். படையெடுப்பவன் செயலன், படையெடுக்கப்பட்டவன் செயலற்றவன். இந்த உருவகத்தின் நிழலிலேயே நெடுங்காலம் செங்குருதிக் கலம் வெறும் பையாகக் கருதப்பட்டது. உண்மை அவ்வளவு எளியதன்று. ஒட்டுண்ணி ரொன்-2 என்ற தன் சொந்தப் புரதத்தைக் கலத்தின் மென்சவ்விற் செருகி, தன் மேற்பரப்பிலுள்ள ஏ.எம்.ஏ.-1 என்ற மற்றொரு புரதத்தால் அதனையே பற்றிக்கொள்கின்றது. முன்னர் கூறிய வளையம் இவ்விரண்டாலாயது. அதேவேளை, கலத்தின் மென்சவ்வு நெகிழ்ந்து மடிந்து இடங்கொடாவிடின் இம்முயற்சி பயன்படாது. கிழக்காபிரிக்காவிற் சிலரிடம் காணப்படும் டன்ரு என்ற குருதி வகையினரின் செங்குருதிக் கலங்களில் மென்சவ்வின் இழுவிசை அதிகம் என்றும், ஓர் எல்லையைக் கடந்த இழுவிசையுள்ள கலங்களுள் ஒட்டுண்ணி அரிதாகவே புகுகின்றது என்றும் 2020இல் வெளியான ஆய்வு தெரிவித்தது. ஆக நுழைவு என்பது ஒருதலைச் செயலன்று. இரு மேற்பரப்புக்களின் உறவு. இயக்கியின் விசை எவ்வளவு, மென்சவ்வு தானே சுற்றி மூடுவதன் பங்கு எவ்வளவு என்பது இன்றும் விவாதத்துக்குரியது. ரொக்சோபிளாஸ்மாவில் மயோசின் ஏ யை நீக்கிய பின்னரும் குறைந்தளவு நுழைவு நிகழ்வதைக் கண்ட ஆய்வாளர் சிலர், பழைய மாதிரியையே ஐயுற்றனர். 'இயக்கி' என்ற சொல்லும் தொழிற்சாலை யுகம் விஞ்ஞானத்துக்கு இரவல் கொடுத்த உருவகமே. பயனுள்ள உருவகம்; எனினும் உருவகம்.

மானிட வரலாறே குருதியில் எழுதப்பட்டுள்ளது என்பதை ஜே. பி. எஸ். ஹோல்டேன் 1949இலேயே உய்த்துணர்ந்தார். தலசீமியாக் குறைபாட்டின் பரம்பலுக்கு மலேரியாவே காரணமாகலாம் என்றார் அவர். இலங்கையிலே தலசீமியா நோயாளர் மிகுந்து காணப்படும் குருநாகற் பகுதி, மலேரியா தலைமுறை தலைமுறையாக நிலைபெற்றிருந்த பகுதியாதல் காண்க.

இனி, கடினமான வினாவுக்கு வருவோம். இந்நுண்ணறிவால் யாது பயன்? இலங்கை மலேரியாவை ஒழித்தது; மயோசின் ஏ யின் அமைப்பை அறிந்து ஒழிக்கவில்லை. 1945க்குப் பின் டி.டி.ரி. தெளிப்பால் நோய் வீழ்ந்தது. 1963இல் நாடு முழுவதிலும் பதிவானோர் வெறும் பதினேழு பேர். விழிப்புத் தளர்ந்தது, செலவு குறைக்கப்பட்டது, 1969இல் ஐந்து இலட்சத்து முப்பதினாயிரத்துக்கு மேற்பட்டோர் நோயுற்றனர். டி.டி.ரி.க்கு நுளம்பு பழகிவிட்டமையால் 1977இல் மலத்தியோன் கொண்டுவரப்பட்டது. 1984இல் குளோரோகுயினுக்கு அடங்காத பல்சிப்பாரம் முதன்முறை கண்டறியப்பட்டது. கொழும்புப் பல்கலைக்கழக ஒட்டுண்ணியியற் துறையில் கமினி மெண்டிஸ் முதலியோர், ரிச்சட் காட்டருடன் இணைந்து, நோய் நுளம்புக்குக் கடத்தப்படுவதைத் தடுக்கும் நிர்ப்பீடனம் பற்றி ஆராய்ந்ததும் அத்தசாப்தத்திலேயே. 1999இல் இரண்டு இலட்சத்து அறுபதினாயிரத்துக்கு மேற்பட்ட நோயாளர். அவர்களுட் பெரும்பகுதியினர் போர் நிகழ்ந்த வடக்குக் கிழக்கைச் சேர்ந்தவர்கள். ஆயினும் போருக்கு நடுவிலும் தெளிப்பும், வலை விநியோகமும், குருதிப் பரிசோதனையும் தொடர்ந்தன. உள்நாட்டிற் தொற்றிய கடைசி நோயாளி 2012 ஒக்டோபரிற் பதிவானார். 2016 செப்ரெம்பர் 5ஆம் திகதி உலக சுகாதார நிறுவனம் இலங்கையை மலேரியா அற்ற நாடாக அறிவித்தது. கட்டணமற்ற மருத்துவமும், கிராமந்தோறும் சென்ற தெளிப்புத் தொழிலாளரும், நுணுக்குக்காட்டியின் முன் நாள்முழுதும் குனிந்திருந்த பரிசோதகர்களுமே இதனைச் சாதித்தனர்.

பாமன்கடை, வெள்ளவத்தை வாசகர்க்கு இது சற்றுத் தொலைவான செய்தியாகத் தோன்றலாம். நமது கால்வாய்களிற் பெருகுவது யானைக்கால் நோயைக் காவிய கியூலெக்சு நுளம்பு. இன்று நமது அச்சம் டெங்கு. மலேரியா எப்போதும் வன்னிக்கும் மன்னாருக்கும் கிழக்குக்கும் சென்று திரும்புவோரின் நோயாகவே கொழும்பில் அறியப்பட்டது. ஆனால் 2016 இறுதியில் மன்னாரில் அனோபிலிசு ஸ்டெபன்சி என்ற நுளம்பினம் கண்டறியப்பட்டது. இந்தியப் பெருநகரங்களில் மலேரியாவைப் பரப்புவது இதுவே. கிணறுகளிலும் நீர்த்தொட்டிகளிலும் வளர்வது. குட்டைகளையும் ஆற்றுப்படுகைகளையும் நாடிய பழைய நுளம்பைப்போலன்றி, இது நகரத்தை நாடுவது.

உலகளவில் 2023ஆம் ஆண்டு மட்டும் மலேரியாவால் மாண்டோர் ஏறத்தாழ ஆறு இலட்சம். இவர்களிற் பெரும்பாலானோர் ஆபிரிக்கக் குழந்தைகள். கைவசமுள்ள சிறந்த மருந்தாகிய ஆட்டெமிசினினுக்கு முதலிற் கம்போடியாவிலும், பின்னர் ருவாண்டா முதலிய ஆபிரிக்க நாடுகளிலும் ஒட்டுண்ணி பகுதியளவில் ஈடுகொடுக்கப் பழகியுள்ளது. ஆகவே முற்றிலும் புதிய இலக்கொன்றை நாடவேண்டிய கட்டாயம் உண்டு. மயோசின் ஏ அத்தகைய இலக்கு. இயக்கியின் தொழிற்பாடு நின்றால் நுழைவில்லை, நுழைவின்றேல் நோயில்லை. நம் தசையின் மயோசினோடு அது உறவுடையதாயினும், கிளைசீனை இழந்தும் தொடக்க நீட்சியைப் பெற்றும் போதிய அளவு விலகியுள்ளமையால், இதயத்தைத் தாக்காது அதனை மட்டும் தாக்கும் மருந்தை நாடலாம். இவ்வேறுபாடு அமைப்பைக் கண்டதனாலேயே தெரியவந்தது.

2023இல் கே.என்.எக்ஸ்.-002 என்ற சிறு மூலக்கூறு பற்றிய ஆய்வு வெளிவந்தது. அது மயோசின் ஏ யில் முன்னறியாத ஓரிடத்திற் புகுந்து, அக்ரினை விட்டு விலகிய நிலையிலேயே அதனைச் சிறைப்படுத்துகின்றது. ஆற்றற்பொருளின் நீர்ப்பகுப்புத் தடைப்படுகின்றது, நெம்புகோல் நிமிர்வதில்லை. ஆய்வுகூடக் குருதி வளர்ப்பில் மெரோசொயிற்றின் பெருக்கமும் தடைப்பட்டது. இது இன்னும் மருந்தன்று, மருந்துக்கான தொடக்கம்.

இம்மூலக்கூறு மயோசின் ஆய்வாளர் ஜேம்ஸ் ஸ்புடிச் நிறுவனர்களுள் ஒருவராகவுள்ள அமெரிக்கக் கம்பனியொன்றிலிருந்து வந்தது. இதனைக் குற்றமாகக் கூறவில்லை. ஆனால் மலேரியா மருந்தின் வரலாறு உடைமையுறவுகளின் வரலாறாகவும் இருந்து வந்துள்ளது. ஹக்கலைப் பூங்கா 1861இல் தொடங்கப்பட்டதே கொயினா மரப் பரிசோதனைக்காக. கோப்பி நோயுற்று அழிந்தபின், 1880களில் இலங்கைத் தோட்டங்கள் கொயினாவை உலகச் சந்தை திணறும்வரை பயிரிட்டன. தென்னிந்தியாவிலிருந்து கொண்டுவரப்பட்ட தமிழ்த் தொழிலாளரே அதனை நட்டனர், பட்டையை உரித்தனர். விலை வீழ்ந்ததும் அவர்களைக்கொண்டே அது பிடுங்கப்பட்டுத் தேயிலை நடப்பட்டது. ஐம்பதாண்டுகளின் பின் கேகாலையில் மக்கள் மடிந்தபோது, உலகின் கொயினாவிற் பெரும்பகுதி ஒல்லாந்தரின் யாவாத் தோட்டங்களிலிருந்து, விலையையும் அளவையும் கட்டுப்படுத்திய ஒரு கூட்டிணைப்பின் வழியே வந்துகொண்டிருந்தது.

இதற்கு எதிரான உதாரணம் சீனாவினது. 1967 மேயில் தொடங்கப்பட்ட 523ஆம் இலக்கத் திட்டத்தின் விளைவே ஆட்டெமிசினின். அதன் மூலக்கூற்றமைப்பை வெளியிட்ட 1977ஆம் ஆண்டுக் கட்டுரையில் ஆசிரியர் பெயர் எதுவும் இல்லை. ஆய்வுக்கூட்டின் பெயர் மட்டுமே இருந்தது. 2015இல் நோபல் பரிசு வழங்குகையில் அக்கூட்டிலிருந்து ரூ யூயூ என்ற ஒருவரைத் தனித்தெடுக்கவேண்டியதாயிற்று. அவர் அதற்கு முற்றிலும் தகுதியானவர் என்பதில் ஐயமில்லை. எனினும் காப்புரிமையின்றி வெளியிடப்பட்ட அவ்வமைப்பைக் கொண்டு பின்னர் மருந்து செய்து விற்ற மேற்கத்தியக் கம்பனிகள், அதன் வழித்தோன்றல்களுக்குத் தாம் காப்புரிமை பெறத் தயங்கவில்லை. மயோசின் ஏ யின் அமைப்பு எவரும் எடுத்து நோக்கத்தக்க பொதுத் தரவகத்தில் இன்று வைக்கப்பட்டுள்ளது. செரீன் பத்தொன்பதையும் இலைசீன் 764ஐயும் கொழும்பிலோ யாழ்ப்பாணத்திலோ இருக்கும் மாணவர் ஒருவர் கணினித் திரையிற் சுழற்றிப் பார்க்கலாம். அதனுட் பொருந்தும் மருந்து எத்தகைய உடைமையாகும் என்பது இன்னும் தீர்மானிக்கப்படவில்லை.